கார் போகாத மலைச்சாலையில் சைக்கிள்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் கிளேசியர் தேசியப் பூங்கா இருக்கிறது. அதன் குறுக்கே 80 கிலோமீட்டர் நீளத்துக்கு ‘கோயிங் டு தி சன்’ என்றொரு மலைச்சாலை. குளிர்காலம் முழுக்க அதன் மேல்பகுதி பனிக்குள் புதைந்து கிடக்கும். ஏப்ரலில் பனி அள்ள ஆரம்பிப்பார்கள். கோடையில் கார்களுக்குத் திறந்துவிடும் வரை, அள்ளி முடித்த தூரத்துக்குச் சைக்கிளிலும் நடந்தும் போகலாம். பூங்கா ஊழியர்களின் வண்டி தவிர வேறு வண்டி கிடையாது. இதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

நான் யார் என்று கேட்டவர்களுக்கு: பொள்ளாச்சிக்காரி. பிசியோதெரபிஸ்ட். பூங்காவிலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில் உள்ள காலிஸ்பெல் என்ற ஊரில் வேலை. வசந்தம் வந்துவிட்டால் என் சனி, ஞாயிறுகள் அந்தச் சாலைக்குத்தான். இனி கடிதங்கள்.

எனக்கு 61 வயது. பணிக்காலம் முழுக்கப் பள்ளிக்குச் சைக்கிளில்தான் போய்வந்தேன். இப்போதும் காய்கறி வாங்கச் சைக்கிள்தான். மே மாதம் சியாட்டிலில் மகள் வீட்டுக்குப் போகிறேன். “அம்மா, நீயும் அந்தச் சாலைக்கு வா” என்கிறாள். மலை உயரத்தில் மூச்சு வாங்குமா? முட்டி தாங்குமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, ஈரோடு

கட்டாயம் போங்கள், டீச்சர்.

முதலில் மூச்சு. சாலையின் உச்சி லோகன் கணவாய், 2,026 மீட்டர். நம் ஊட்டி அதைவிட உயரம், கொடைக்கானலும் உயரம். ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடக்க முடிந்தவருக்கு லோகன் கணவாயின் காற்றும் ஒத்துக்கொள்ளும். அங்கே பனி அப்படிக் குவிவதற்குக் காரணம் உயரம் மட்டும் இல்லை. பூங்கா 48 பாகை வட அட்சரேகைக்கும் மேலே இருக்கிறது, பசிபிக் கடலின் ஈரக்காற்றும் அங்கே வந்து மோதுகிறது.

அடுத்து முட்டி. இந்தச் சாலை ஓட்டுபவரின் முட்டியை மதிக்கிற சாலை. மேல்பகுதியிலும் சரிவு சுமார் 6 சதவீதம்தான். அதாவது 100 மீட்டர் ஓட்டினால் 6 மீட்டர் ஏறுவீர்கள். இது தற்செயலாக அமைந்ததில்லை. 1920-களில் சாலைக்குத் திட்டம் போட்டபோது, ஜார்ஜ் குட்வின் என்ற பொறியாளர் 15 கொண்டை ஊசி வளைவுகளோடு ஒரு பாதையை வரைந்தார். தாமஸ் விண்ட் என்ற நிலவடிவமைப்பாளர் அதை எதிர்த்தார். அத்தனை வளைவு போட்டால் மலையே சிதைந்துவிடும், ஒரே ஒரு வளைவு போதும், மீதியைப் பாறை முகத்தோடு ஒட்டிச் செதுக்கிக்கொண்டு போகலாம் என்றார். தேசியப் பூங்காத் துறையின் தலைவராக இருந்த ஸ்டீபன் மேத்தர், செலவு கூடினாலும் பரவாயில்லை என்று விண்ட் சொன்னதை ஏற்றார். அந்த ஒற்றை வளைவைத்தான் ‘லூப்’ என்கிறார்கள். சாலை 1932-இல் முடிந்தது, 1933 ஜூலையில் திறப்பு விழா நடந்தது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு, ஒரே வளைவில் இவ்வளவு பெரிய மலையை ஏறிவிட முடியும் என்பது இன்றைக்கும் வியப்புதான். சைக்கிள்காரர்கள் எல்லோரும் விண்டுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் நீங்கள் கணவாய் வரை போக வேண்டியதே இல்லை. லேக் மெக்டொனால்ட் லாட்ஜ் என்ற ஏரிக்கரை விடுதிப் பக்கம் இருக்கும் கேட்டிலிருந்து அவலாஞ்ச் க்ரீக் வரை எட்டு, ஒன்பது கிலோமீட்டர். அதற்கப்பாலும் லோகன் க்ரீக் வரை, சாலை மெக்டொனால்ட் ஓடையை விட்டு விலகாது. ஏற்றம் என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. மே மாதத்தில் அந்த ஓடையில் ஹார்லிகுவின் வாத்துகள் வந்திருக்கும். குளிர்காலத்தைக் கடலோரத்தில் கழித்துவிட்டு, முட்டையிட இந்த வேகமான ஓடையைத் தேடி வருபவை. ஆண் வாத்துக்குக் கருநீல உடம்பு, வெள்ளைக் கோடுகள், விலாவில் செங்கல் நிறம். நாம் கால் வைக்கவே பயப்படுகிற நீரில், பாறைக்கும் நுரைக்கும் நடுவே சாவகாசமாகத் தலையை உள்ளே விட்டு மேய்ந்துகொண்டிருக்கும். ஜூன் கடைசிக்குள் ஆண் வாத்துகள் கடலுக்குத் திரும்பிவிடும். நீங்கள் மே மாதம் போவது நல்ல கணக்கு.

பிசியோதெரபிஸ்டாக ஒரு சொல்: வாடகை சைக்கிளில் சீட்டைத் தாழ்வாக வைத்துக் கொடுப்பார்கள். தரையில் கால் ஊன்றச் சௌகரியம்தான், முட்டிக்கு அது கேடு. பெடல் அடியில் இருக்கும்போது முட்டி லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். அந்த அளவுக்குச் சீட்டை ஏற்றச் சொல்லுங்கள். கியரை இலகுவாக வைத்து, காலை வேகமாகச் சுழற்றுங்கள். கனமான கியரில் அழுத்தி மிதிக்காதீர்கள். மின்சார சைக்கிளுக்கும் அங்கே அனுமதி உண்டு, மிதித்தால் கூடத் தள்ளிக் கொடுக்கும் வகை. கூச்சப்படாமல் எடுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஜூன் 10-ஆம் தேதிவாக்கில் லோகன் கணவாய் வரை சைக்கிளில் போக முடியும் என்று நீங்கள் உறுதியாகச் சொன்னால் விமான டிக்கெட் போட்டுவிடுவேன். மூன்று நண்பர்கள் வருகிறோம்.
– மென்பொருள் பொறியாளர், டாலஸ்

உறுதி சொல்ல முடியாது, தம்பி. பனி அள்ளுகிறவர்களே சொல்ல மாட்டார்கள். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன். அந்த வேலையைத் தெரிந்துகொண்டு போனால்தான் உங்களுக்குக் கிடைப்பது என்னவென்று புரியும்.

ஏப்ரல் தொடக்கத்தில் மேற்கிலிருந்து ஒரு குழு, கிழக்கிலிருந்து ஒரு குழு கிளம்பும். கீழ்ப்பகுதியில் வேலை விறுவிறுவென்று நடக்கும். லூப்பைத் தாண்டிய பிறகுதான் சோதனை. அங்கே சாலை இருக்கிற இடமே தெரியாது. மலைச்சரிவு எப்படி இருக்கிறதோ அதே சாய்வில் பனி நிரம்பி, சாலையை மூடியிருக்கும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு. எக்ஸ்கவேட்டர் ஓட்டுபவர் அந்தச் சாய்வான பனியில் முதலில் ஒரு திட்டு வெட்டி, அதன்மேல் தன் வண்டியை நிறுத்தி, அடுத்ததை வெட்டுவார். பின்னால் புல்டோசர். அதற்கும் பின்னால் பனியை உறிஞ்சித் தூர வீசும் இயந்திரம். கணவாய்க்குச் சற்றுக் கிழக்கே ‘பிக் ட்ரிஃப்ட்’ என்று ஓரிடம். காற்று பனியைக் கொண்டுவந்து கொட்டுகிற மூலை அது. சில ஆண்டுகளில் அங்கே பனி 24 மீட்டர் ஆழம் இருக்கும், எட்டு மாடிக் கட்டடத்தின் உயரம். அதை அள்ளி முடிக்கவே வாரக்கணக்கில் ஆகும்.

அள்ளியது அள்ளியபடி இருக்கும் என்றும் நினைக்க முடியாது. மே மாதத்தில் ஒரு புதுப் பனிப்பொழிவு, பின்னால் இரண்டு நாள் வெயில், போதும். மேலிருந்து பனிச்சரிவு வந்து போன வாரம் திறந்த இடத்தை மறுபடி மூடிவிடும். குழுவோடு பனிச்சரிவைக் கணிக்கும் வல்லுநர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அன்றைக்கு இயந்திரம் நகராது. 1953-இல் இந்த வேலையில் இருந்த இருவர் பனிச்சரிவில் சிக்கி இறந்தார்கள். பனியை அள்ளிவிட்டாலும், விழுந்த பாறைகளை அப்புறப்படுத்த வேண்டும். பனிச்சரிவுப் பாதைகளில் சாலையோர மரத் தடுப்புகளை இலையுதிர் காலத்திலேயே கழற்றி வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் பனி அடித்துக்கொண்டு போய்விடும். அவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பப் பொருத்த வேண்டும். இதெல்லாம் முடிந்து கார்களுக்குத் திறப்பது பெரும்பாலும் ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுவுக்குள். பனி குறைந்த ஆண்டில் ஜூன் நடுவிலேயே திறந்ததும் உண்டு. ஆக உங்கள் ஜூன் 10-இல் சாலை கணவாய் வரை காலியாகவும் இருக்கலாம், பாதியில் தடுத்தும் இருக்கலாம்.

சாலையில் இருவகைத் தடுப்பு வைப்பார்கள். ஒன்று, ஆட்கள் வேலை செய்யும் இடத்தைக் காட்டுவது. வேலை நாட்களில் இயந்திரம் ஓடும் நேரத்தில் அதைத் தாண்டக் கூடாது. வேலை ஓய்ந்த பிறகும் வார இறுதியிலும் அதற்கு மேலே போகலாம். இன்னொன்று பனிச்சரிவு அபாயத்துக்கானது. அது எந்த நாளும், எந்த நேரமும் எல்லைதான். அதைத் தாண்டி டயர் தடம் போயிருப்பதைப் பார்ப்பீர்கள். அந்தத் தடத்தை நம்பிப் போகாதீர்கள். அன்றன்றைக்கு எதுவரை போகலாம் என்பதைப் பூங்காவின் இணையதளத்தில் சாலை நிலவரப் பக்கத்தில் போட்டுவிடுவார்கள்.

என் யோசனை: கணவாயைக் குறி வைத்து டிக்கெட் போடாதீர்கள். மே கடைசி, ஜூன் முதல் வாரம் என்று ஒரு சனி, ஞாயிறு உள்ளே வரும்படி போடுங்கள். அவலாஞ்ச் க்ரீக்கிலிருந்து கணவாய்க்கு 26 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 1,000 மீட்டர். அதில் பாதித் தூரத்தில் லூப். அங்கே நின்றால் எதிரே ஹெவன்ஸ் பீக் சிகரம் முழு வெள்ளையில் நிற்கும். இன்னும் கொஞ்சம் ஏறினால் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் பேர்டு வுமன் அருவி, ஏறக்குறைய 150 மீட்டர் வீழ்ச்சி. அதையும் தாண்டி ‘வீப்பிங் வால்’. பாறைச்சுவர் முழுக்கப் பனி உருகி, நீர் நேராகச் சாலையின் உள்பக்கத்தில் கொட்டும். கோடையில் கார்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடக்கும் இடம் அது. மே மாதத்தில் நீங்கள் நடுச்சாலையில் நின்று, சாரல் முகத்தில் அடிக்க, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம். பின்னால் ஹாரன் அடிக்க யாரும் இல்லை. கணவாய்க்குப் போகாமல் திரும்பினால் குறைந்துவிடுகிற பயணம் இல்லை இது.

சைக்கிள் ஓட்டும்போது எப்போதும் இயர்போனில் பாட்டு கேட்பேன். அங்கே காரே வராது என்றால் பயமில்லாமல் கேட்கலாம்தானே?
– கல்லூரி மாணவி, சென்னை

வேண்டாம் கண்ணு. அந்த ஒரு நாள் காதைத் திறந்து வை.

அந்தச் சாலையில் எனக்கு மிகவும் பிடித்ததே காதால் கேட்பதுதான். அவலாஞ்ச் க்ரீக் பக்கம் வானுயர்ந்த தேவதாரு மரக்காடு. விடியலில் அங்கே வேரீட் த்ரஷ் என்ற பறவை பாடும். பாட்டு என்றால் ராகம் இழுக்காது. நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவர் சுருதி பிடித்தாற்போல் ஒரே ஒரு நீண்ட ஒலி, லேசான கரகரப்போடு. நிறுத்தும். கொஞ்ச நேரம் கழித்து வேறொரு சுருதியில் இன்னொன்று. எந்த மரத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஜூலையில் இதே இடத்தில் கார் நிறுத்த இடம் தேடி வண்டிகள் சுற்றிக்கொண்டிருக்கும். ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் பேர் வரும் பூங்கா அது. அந்தச் சத்தத்தில் இந்தப் பறவையை யார் கேட்பார்கள்?

மேலே ஏறினால் ஓடையின் இரைச்சல் மெல்லக் கீழே தங்கிவிடும். செயின் ஓடும் சத்தமும் உன் மூச்சும்தான் மிச்சம். மதிய வெயிலில் எதிர் மலையில் இடி இடிப்பது கேட்கும். வானத்தில் மேகமே இருக்காது. நிமிர்ந்து தேடினால், ஒரு பாறை இடுக்கில் வெள்ளையாக ஏதோ வழிந்துகொண்டிருக்கும். பனிச்சரிவு. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் என்பதால் நமக்கு ஆபத்தில்லை. ஒலி வந்துசேரும்போது அது பாதி தூரம் இறங்கியிருக்கும்.

காது திறந்திருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தலைக்கு மேலே கல் உருண்டால் முதலில் சத்தம்தான் வரும். பூங்கா ஊழியர் வண்டி வந்தாலும் அப்படித்தான். கரடி விஷயம் அடுத்த பதிலில்.

மகனும் மருமகளும் ஜூன் மாதம் போகிறார்களாம். அங்கே கரடி இருக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. போக வேண்டாம் என்று சொல்லட்டுமா?
– ஒரு தாய், மதுரை

போக வேண்டாம் என்று சொல்லாதீங்க அம்மா. எப்படிப் போக வேண்டும் என்று சொல்லுங்க. இந்தப் பதிலை அப்படியே அனுப்பிவிட்டாலும் சரி.

கரடிகள் உண்டு. கருங்கரடியும் உண்டு, கிரிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடியும் உண்டு. வசந்தத்தில் பசியோடு புல் மேய வரும், சாலையிலும் நடக்கும். ஆனால் பெரும்பாலும் மனிதரின் சத்தம் கேட்டாலே விலகிப் போய்விடும். சைக்கிளில் சிக்கல் எங்கே என்றால், சைக்கிளுக்குச் சத்தம் இல்லை. நடப்பவரைவிட வேகமாகவும் போகிறது. அதற்கு நாம் வருவது தெரியாது, நமக்கு அது இருப்பது தெரியாது. 2016 ஜூனில் பூங்காவுக்கு வெளியே, பக்கத்துக் காட்டுப் பாதையில், வேகமாக மலைச் சைக்கிள் ஓட்டி வந்த வனத்துறைக் காவலர் ஒருவர் மறைவான வளைவில் கிரிஸ்லி கரடிமேல் நேராக மோதி, அதன் தாக்குதலில் இறந்தார். வேகமும், முன்னால் இருப்பது தெரியாத வளைவும்தான் அந்த மோதலுக்கு வழி விட்டன என்று விசாரித்த குழு எழுதியது.

அதனால் முதல் விதி, இறக்கத்தில் வேகம் வேண்டாம். பாதை தெரியாத ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் குரல் கொடுக்க வேண்டும். சைக்கிளில் கட்டும் சிறு மணி போதாது, மனிதக் குரல்தான் வேலை செய்யும். நான் தமிழில்தான் கத்துவேன், “வர்றோம், வழி விடு!” என்று. இரண்டு பேரும் ஒன்றாகப் போகட்டும், ஒருவர் முன்னால் பறக்க வேண்டாம். கரடி கண்ணில் பட்டால் 91 மீட்டருக்குக் குறையாமல் விலகி நிற்க வேண்டும் என்பது பூங்கா விதி. முதுகைக் காட்டி ஓடவோ, சைக்கிளில் ஏறித் தப்பிக்கவோ கூடாது. துரத்தினால் கரடி சைக்கிளைவிட வேகம்.

கரடி ஸ்ப்ரே கட்டாயம். அது மிளகாய்க் காரம் அடைத்த பெரிய டப்பா. விமானத்தில் கொண்டுபோக விட மாட்டார்கள், கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. அங்கே போய் வாங்கலாம், வாடகைக்கும் கிடைக்கும். முதுகுப் பைக்குள் வைத்தால் பயனில்லை, இடுப்பிலோ ஹேண்டில்பாரிலோ கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும். கொசு மருந்து மாதிரி உடம்பில் அடித்துக்கொள்வது அல்ல. கரடி ஓடி வரும்போது அதன் முகத்துக்கு முன்னால் மேகம் போல அடிப்பது. பாதுகாப்புக் கிளிப்பைக் கழற்றுவது எப்படி என்று கடையிலேயே காட்டச் சொல்லட்டும்.

கரடியைவிட அதிகம் பேரைக் கஷ்டப்படுத்துவது அங்கே குளிரும், இறக்கத்தில் கட்டுப்பாடு இழப்பதும்தான். அதற்கு அடுத்த பதிலையும் சேர்த்து அனுப்புங்க.

7 வயது, 10 வயதுப் பிள்ளைகளோடு போகலாமா? என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?
– ஒரு தந்தை, நியூ ஜெர்சி

போகலாம். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல சாலை கிடைக்காது, முழு அகலத்தையும் அவர்களே எடுத்துக்கொள்ளலாம். அவலாஞ்ச் க்ரீக் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மே நடுவிலிருந்து வார இறுதிகளில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போகும் இலவசப் பேருந்து வழக்கமாக ஓடும். கூட்டம் இருக்கும், காலையிலேயே வரிசையில் நில்லுங்கள்.

ஏறும்போது வியர்க்கும், எல்லோரும் சட்டையைக் கழற்றிப் பையில் திணிப்பார்கள். பிரச்சினை திரும்பும்போதுதான். வியர்வை காயாத உடம்பில் பனிக்காற்று அடிக்கும். பெடலும் மிதிப்பதில்லை, உடம்பில் சூடு பிறக்காது. விரல் விறைத்தால் பிரேக்கை அழுத்த வராது. சிறு பிள்ளையின் கையில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். இறங்கத் தொடங்கும் முன் நின்று, காய்ந்த உள்சட்டை மாற்றி, காற்றுப் புகாத மேல்சட்டை, முழு விரல் கையுறை, ஹெல்மெட்டுக்கு அடியில் காதை மூடும் மெல்லிய குல்லா, எல்லாம் போட்ட பிறகே இறங்குங்கள். வழியில் இரண்டு தரம் நிறுத்தி விரல்களைத் தேய்த்து விடுங்கள்.

லாட்ஜைத் தாண்டினால் சாப்பாடு கிடைக்காது, செல்போன் சிக்னலும் கிடையாது. தண்ணீரும் சாப்பாடும் கையோடு வேண்டும். ஓடை நீர் பளிங்கு மாதிரி இருந்தாலும் அப்படியே குடிக்கக் கூடாது, வயிற்றைப் புரட்டும் கிருமி உண்டு. எங்கள் வீட்டில் புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் தான். சிந்தியதை ஒரு பருக்கை விடாமல் பொறுக்குங்கள், கரடிக்கு நம் சாப்பாட்டின் ருசி தெரியவே கூடாது. உதிர்ந்த கல் சில்லுகள் சாலையில் நிறையக் கிடக்கும். கூட்டிப் பெருக்கக் கார் டயர்கள் ஓடுவதில்லையே. அதனால் மெல்லிய ரேஸ் டயர் வேண்டாம், 32 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். மாற்று டியூப் ஒன்று, கைப்பம்ப், டயர் கழற்றும் லீவர். கிளம்பும் முன் பிரேக் ஷூவைக் குனிந்து பாருங்கள், வாடகை சைக்கிளில் இன்னும் கவனமாக.

நான் ஸ்கார்பரோவில இருக்கிறன். எங்கட கனடாப் பக்கம் இப்பிடி ஏதும் இல்லையோ, அக்கா?
– யாழ்ப்பாணத்து வாசகர், டொராண்டோ

இருக்கிறது அண்ணா, அதுவும் அருமையான ஒன்று. பான்ஃப் தேசியப் பூங்காவில் போ வேலி பார்க்வே, 1ஏ என்பார்கள். அதன் கிழக்குப் பகுதியில் ஜான்ஸ்டன் கேன்யன் வரைக்கும் சுமார் 17 கிலோமீட்டரை, மே, ஜூன் மாதங்களிலும் செப்டம்பரிலும் சைக்கிளுக்கு விட்டுக் கார்களை நிறுத்தும் ஏற்பாட்டை 2022-இல் தொடங்கினார்கள். பனியை நம்பி இருக்க வேண்டாம், ஏற்றமும் அலைஅலையாகத்தான். வசந்தத்தில் இரவு 8 மணியிலிருந்து காலை 8 வரை விலங்குகளுக்காக அந்தப் பகுதியில் யாருமே போகக் கூடாது. அந்த விதியைத் தயவுசெய்து மீறாதீர்கள்.

அமெரிக்கப் பக்கம் இன்னும் இரண்டு. கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவில் டீட்டன் பார்க் ரோடு, டேகார்ட் ஏரியிலிருந்து சிக்னல் மலை லாட்ஜ் வரை ஏறக்குறைய 22 கிலோமீட்டர். நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை கார் கிடையாது, பனி அள்ளிய பிறகு ஏப்ரல் முழுக்கச் சைக்கிளுக்குத்தான். சமதளம், பக்கவாட்டில் டீட்டன் மலைத்தொடர் முழுசாக. வயதானவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடு வரை மேற்கு வாசலிலிருந்து மேமத் என்ற இடம் வரை விடுவார்கள். அங்கே காட்டெருமைகள் சாலையை அடைத்து நிற்கும், 23 மீட்டர் தள்ளிக் காத்திருக்க வேண்டியதுதான்.

நம் ஊரில் ஏன் இப்படிச் செய்யக் கூடாது? முதுமலை சாலையை ஞாயிறு காலை மட்டும் சைக்கிளுக்கு விடலாமே?
– சைக்கிள் குழு ஒன்றின் உறுப்பினர், கோவை

ஆசை எனக்கும் உண்டு. ஆனால் முதுமலைக்கு என் பதில், கூடாது. கிளேசியரில் அந்த வாரங்களில் யாருடைய பேருந்தையும் நிறுத்தவில்லை. பனியால் எப்படியும் மூடிக் கிடக்கும் சாலையைத்தான் நமக்குத் தருகிறார்கள். முதுமலைச் சாலை கூடலூருக்கும் மசினகுடிக்கும் அன்றாடப் பிழைப்புக்கான சாலை. மருத்துவமனைக்குப் போகிறவரை நிறுத்திவிட்டு நாம் ஓட்ட முடியாது. அதோடு யானையும் புலியும் உள்ள காட்டில், சத்தமில்லாமல் வேகமாக வரும் சைக்கிள் நல்ல யோசனை இல்லை. இரவில் அந்தப் பாதையை மூடுவதே விலங்குகளுக்காகத்தான். காட்டுக்குக் கிடைத்த அமைதியில் நாம் பங்கு கேட்க வேண்டாம்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வந்திருக்கிறது, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால். வண்டிகளை மலை தாங்கவில்லை என்பது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கேட்பதானால் அங்கே கேளுங்கள். காட்டுச் சாலையை விட்டுவிட்டு, ஊருக்குள் இருக்கும் ஏரிச்சாலையை விடியலில் இரண்டு மணி நேரம் கேளுங்கள். அங்கே வசிக்கிறவர்களையும் கடைக்காரர்களையும் முதலில் கூப்பிட்டுப் பேசிவிட்டுக் கேளுங்கள். உங்கள் குழு மனு எழுதினால் என் கையெழுத்தும் உண்டு.

எனக்கு ஜூலையில்தான் லீவு. அப்போது கார் ஓடும். வழியே இல்லையா?
– வங்கி ஊழியர், ஹூஸ்டன்

இருக்கிறது. கோடையில் கூட்டமுள்ள பகல் நேரத்தில், காலை 11 முதல் மாலை 4 வரை, மெக்டொனால்ட் ஏரிக்கரையின் ஒரு பகுதியிலும் லோகன் க்ரீக்கிலிருந்து கணவாய்க்கு ஏறும் பக்கத்திலும் சைக்கிளுக்குத் தடை. சாலை குறுகல் என்பதால் அது நியாயமான தடைதான். நீங்கள் விடியலுக்கு முன்பே அவலாஞ்ச் க்ரீக்கிலிருந்து கிளம்பிவிடுங்கள். முதல் இரண்டு மணி நேரம் அதிகம் கார் இருக்காது, ஒன்பது மணிக்குள் கணவாயில் இருக்கலாம். அங்கே சைக்கிளைப் பூட்டிவிட்டு மலை ஆடுகளைப் பார்த்துவிட்டு, இறங்கிய பிறகு ஏரிக்கரை வழியாகவும் ஓட்டுவதாக இருந்தால் அந்தப் பகுதியை 11-க்குள் கடக்கப் பாருங்கள். அது முடியாது என்று தோன்றினால் காரை அவலாஞ்ச் க்ரீக்கிலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, இரண்டையும் முந்தின இரவே சார்ஜ் போட்டு வையுங்கள். வழியில் ஒரு சுரங்கம் வரும், உள்ளே இருட்டு, விளக்கை அணைக்காதீர்கள்.